கறைபடாத பின்சீட்டு

அத்தியாயம் 9

கண்ணாடி மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பின்னால் வருவதை டிரைவருக்குக் காட்ட வேண்டிய கண்ணாடி அது. நேற்று சாயங்காலம் புவனேஸ்வரி அதை நேராகத் திருப்பி, அடியிலிருந்த திருகை நன்றாக இறுக்கிவிட்டுத்தான் போனாள். காலையில் வந்து பார்த்தால் மல்லாந்து கிடக்கிறது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை.

“எலிக்கு இன்னா வேல இதுல?” என்று வாய்விட்டுக் கேட்டாள்.

கீற்றுக் கொட்டகைக்குள் அவளும் அந்தப் பழைய பியட்டும் மட்டும்தான் இருந்தார்கள். பதில் சொல்ல ஆளில்லை. இருந்தும் முதுகுப் பக்கம் யாரோ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் உட்காரச் சீட்டே கிடையாது. வெறும் தகரத் தரை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டி இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு இருமிக்கொண்டே உயிர் பிடித்ததைக் காலனியே கூடி நின்று பார்த்தது. பிள்ளைகள் விசிலடித்தார்கள். அப்பா சுப்புராயன் மட்டும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் போனவர், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினார். ஏன் என்று கேட்டதற்கு, “பொக ஒத்துக்கல” என்றார். அறுபது வயதுவரை பீடிப் புகை ஒத்துக்கொண்ட மனிதர்.

ஊருக்குள் இந்தக் காருக்கு ஒரு கதை இருந்தது. நிலக்காரர் சிங்காரவேலு வீட்டில் சுப்புராயன் பன்னிரண்டு வருஷம் டிரைவராக இருந்தார். சுப்புராயன் பெண்டாட்டி செங்கமலம் இரண்டாவது பிரசவத்தில் செத்துப்போனதும், மனசு கேட்காமல் அய்யா காரையே தூக்கி டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். அப்பேர்ப்பட்ட கை அய்யா கை. புவனா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்தக் கதையை நூறு வாயில் கேட்டிருக்கிறாள். அந்தக் கார் கைக்கு வந்த நாளிலிருந்து அப்பா ஏன் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை, ஏன் கரும்பு வெட்டப் போனார் என்பதை மட்டும் ஒரு வாயும் சொன்னதில்லை.

அந்த இரண்டாவது பிரசவத்தில் பிறந்தவள்தான் புவனா.

அக்கா மஞ்சுளாவுக்கு இன்னும் பதினோரு நாள். தலைப்பிரசவம். அதற்குள் வண்டி தயாராகிவிட வேண்டும் என்பது புவனாவின் பிடிவாதம். ஆம்புலன்ஸ் வரும்தான். ஆனால் அந்த அகல வண்டி காலனிச் சந்தில் திரும்பாது. மெயின் ரோடு வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவைத் தின்ற வீடு இது. அக்கா நடக்கக் கூடாது. சொந்தக் காரில், மெத்தென்று சாய்ந்து உட்கார்ந்து போக வேண்டும்.

பிரேக் ஆகிவிட்டது. டயர் ஆகிவிட்டது. பாக்கி இருப்பது பின்சீட்டு.

புவனா டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குனிந்தாள். வண்டி முழுக்கத் துரு. ஆனால் சீட்டு இருக்க வேண்டிய தரையில் மட்டும் யாரோ ரெட் ஆக்ஸைடு, துருவுக்கு அடிக்கும் செங்காவிப் பெயிண்ட், அடித்திருந்தார்கள். கோணல்மாணலாக, மூன்று நான்கு கைப் பூச்சு. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு தடவை உப்புத்தாளை எடுத்தாள். இரண்டு தடவையும் கை போகவில்லை.

சீட்டைப் பிடித்திருந்தவை இரண்டு போல்ட்டுகள். வலது பக்கத்து ஓட்டை சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் போல்ட்டின் முண்டம் மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

திருபுவனைக் கம்பெனியில் புவனாவுக்கு வேலையே இதுதான். செய்து முடித்த சாமானைக் கையில் எடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் எவன் தப்பு செய்தான் என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கல் படித்தவள். காலனியில் முதல் டிகிரி. முண்டத்தை விரலால் தடவினாள். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது.

“டீ வெச்சிருக்கேன்” என்று வெளியே குரல் கேட்டது. அப்பா எப்போதும்போல வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். கொட்டகைக்குள் அவர் கால் வைத்து அவள் பார்த்ததில்லை.

“ப்பா, இத எந்த முட்டாப்பய கழட்டினான்?”

அவர் கிளாஸோடு நின்றார்.

“ஒரு பக்கம் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் போட்டு அழகா கழட்டிகிறான். இந்தப் பக்கம் துரு. ஸ்பேனர் வழுக்கி வழுக்கித் தலைய மொழுக்கிட்டான். கொஞ்சம் மண்ணெண்ண ஊத்திட்டு பொறுத்திருந்தா தானா வந்திருக்கும். பொறுக்கல. உளிய வெச்சி அடிச்சே வெட்டிகிறான். எத்தினி அடி பாரு, எல்லாம் தாறுமாறா விழுந்திருக்கு. கை நடுங்கிகினே அடிச்ச மாதிரி. அப்படி இன்னா அவசரம் அந்த நாய்க்கு?”

அவர் வைத்த கிளாஸ் வாசல் கல்லின்மேல் உட்காரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உருண்டு, டீ மண்ணில் ஓடியது.

“அவசரந்தாம்மா” என்றார் சுப்புராயன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

புவனா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டிரில்லிங் மிஷினை எடுத்து அந்த முண்டத்தைத் துளைத்து எடுத்தாள். இடது பக்கத்திலும் ஓட்டை பிறந்தது. வேலை என்றால் அவளுக்கு வேலை.

வெளியே குழாயடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மஞ்சுளா, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிதா? உன் மாப்ள இன்னிக்கி எந்திரிச்சாரா இல்லியா?”

“சீட்டு இல்லாத மாப்ள. எங்கனா பழய இரும்புக் கடையில தேடணும்.”

“பாக்யராஜ் போன் பண்ணிச்சி. என் பொண்டாட்டிய அந்தத் துருபுடிச்ச டப்பாவுல ஏத்தாதீங்கன்னு சொல்லுச்சி.”

“அப்ப உன் புருஷன வந்து தோள்மேல தூக்கிகினு போவச் சொல்லு.”

மஞ்சுளா சிரித்தாள். சிரித்ததும் மூச்சு வாங்கியது. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“சீட்டு எங்கியும் போவல. அய்யா வூட்டுலதான் கீது. போர்ட்டிகோவுல. பச்ச கலரு. நான் அங்க சாணி அள்ளப் போவசொல்ல தெனம் பாப்பேன்.”

“அவங்க வூட்டுல இன்னாத்துக்கு? கார குடுத்தவங்க சீட்ட ஏன் வெச்சிகினாங்க?”

“யாரு கேட்டா?” என்ற மஞ்சுளா குரலைத் தாழ்த்தினாள். “புவனா, அந்த உளி சமாச்சாரம் அப்பாவ இனிமே கேக்காத. எனக்கு அப்ப அஞ்சு வயசு. அம்மா மொகமே ஞாபகம் இல்ல. ஒரு சத்தம்தான் ஞாபகம். இரும்பு மேல இரும்பு வெச்சி டங்கு டங்குனு. கூடவே ஒரு பொம்பள கத்தற சத்தம். ரெண்டும் ஒண்ணா கேக்குது. நீ கொட்டாயில சுத்திய எடுத்தாலே நான் காத பொத்திக்கறேன்.”

புவனா கையைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்லை வாங்கிக்கொண்டு ஊருக்குள் போனாள்.

*

காலனிக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு கரும்புக் கொல்லை அகலம்தான். அதைக் கடக்கும்போது புவனா வழக்கம்போல் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

சிங்காரவேலு செத்து நாலு வருஷம். வீட்டில் அவர் மனைவி கஸ்தூரியும் வேலைக்காரியும் மட்டும். மகன் வெளியூர். போர்ட்டிகோவில் புதுக் கார் நின்றது. அதற்குப் பின்னால் சுவரோரம் பிளாஸ்டிக் தாள் போர்த்தி ஒரு சீட்டு.

“யாருடி அது?”

“சுப்புராயன் பொண்ணு. புவனேஸ்வரி.”

“சின்னதா? கம்பெனிக்கெல்லாம் போறியாமே. நல்லா இருங்க. நம்ம காரை ரெடி பண்றேன்னு கேள்விப்பட்டேன். அய்யா இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு.”

“எங்க காருதாம்மா. அதோட பின்சீட்டு இங்க இருக்குன்னாங்க. கேக்க வந்தேன்.”

கஸ்தூரி அம்மாளுக்கு அந்த முதல் வாக்கியம் பிடிக்கவில்லை. ஆனாலும் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். வேலைக்காரியைக் கூப்பிட்டுக் காபி கொண்டுவரச் சொன்னாள். வந்தது. அந்த அம்மாளுக்கு எவர்சில்வர் டம்ளரில். புவனாவுக்குப் பேப்பர் கப்பில். புவனா அதை வாங்கிப் படிக்கட்டின்மேல் வைத்தாள். குடிக்கவில்லை.

“அய்யா இதுலதான் சாஞ்சிகினு பேப்பர் படிப்பாரு. அவரே போயிட்டாரு, இது எதுக்கு. எடுத்துகினு போ.” எழுந்து வந்து பிளாஸ்டிக் தாளை விலக்கினாள். “எப்பிடி இருக்கு பாரு! அன்னிக்குக் கழட்டி வெச்ச மாதிரியே. ஒரு சொட்டு பட்டிருக்கான்னு காட்டு பாக்கலாம்.”

“இன்னா சொட்டு?”

கஸ்தூரி அவளைப் பார்த்தாள்.

“உனக்கு யாரும் சொல்லலியா?”

“நீங்க சொல்லுங்க.”

“உங்கம்மாவ இதோ, இந்தக் கேட்டாண்ட கொண்டாந்து படுக்க வெச்சிருந்தாங்க. கயித்துக் கட்டில்ல. வலி கண்டு முழுசா ஒரு நாளாயிடுச்சாம், வைத்தியக்காரி கைய விரிச்சிட்டாளாம். உங்கப்பன் வந்து நின்னான். நான் ஒரு வார்த்த மறுத்துப் பேசல. நானே உள்ள போயி சாவிய எடுத்தாந்து குடுத்தேன். அவன்தான், ‘அம்மா, சீட்டு பாழாயிடும், கழட்டி வெச்சிட்டுப் போறேன்’னான்.”

வாசல் வேப்பமரத்தில் ஒரு காக்கை இறங்கி உட்கார்ந்தது. புவனா சீட்டின் பக்கம் திரும்பினாள்.

“அவரே சொன்னாரா?”

“அவனேதான். நான் கழட்டச் சொல்லல. சாமி சத்தியமா சொல்லல.”

“வேணாம்னு சொன்னீங்களா?”

“நான் இன்னாத்துக்கு வேணாம்னு சொல்லணும்? அவனா கழட்டறான்.”

“எவ்ளோ நேரம் கழட்டினாரு?”

“ஒரு பக்கம் டக்குனு வந்துடுச்சி. இன்னொரு பக்கம் மாட்டிகிச்சு. நான் விளக்கேத்தற நேரமாச்சுன்னு உள்ள போயிட்டேன். பூஜை முடிச்சிட்டு வந்து பாக்கறேன், அப்பவும் உளிய வெச்சி அடிச்சிகினே இருக்கான்.”

“பூஜை எவ்ளோ நேரம் பண்ணுவீங்க?”

“அது ஆவும், ஒரு அரை மணி...”

கஸ்தூரி அம்மாள் நிறுத்திக்கொண்டாள். சொன்னது அவள் காதிலேயே இப்போதுதான் விழுந்தது போலிருந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்புறம் கார எங்களுக்குக் குடுத்துட்டீங்க.”

“பொணம் வந்த வண்டிய வூட்டுல எப்பிடிடி வெச்சிக்கறது? அய்யாதான் சுப்புராயனே எடுத்துக்கட்டும்னாரு. சீட்டுல ஒண்ணும் படலியேன்னு அத மட்டும் வெச்சிகினோம்.”

நூறு வாயில் கேட்ட கதை புவனாவின் காலடியில் உடைந்து கிடந்தது. கொடையாம். அள்ளிக் கொடுத்த கையாம். தீட்டுப்பட்டதைத் தள்ளிவிட்டு, படாததைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் உடம்பு பட்ட இரும்பெல்லாம் காலனிக்கு. படாத மெத்தை போர்ட்டிகோவுக்கு.

“வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அரை மணி நேரம் முன்னாடி கௌம்பியிருப்பாங்க” என்றாள். “ஒரே வார்த்த.”

“நல்லதுக்குக் காலமில்ல. சாவி குடுத்தவள நிக்க வெச்சிக் கேள்வி கேக்கறா.”

புவனா சீட்டைத் தூக்கினாள். இருந்த கோபத்தில் கனம் தெரியவில்லை. டி.வி.எஸ்ஸின் பின்னால் குறுக்காக வைத்துக் கயிறு போட்டாள். பேப்பர் கப்பில் காபி ஆடை கட்டியிருந்தது.

*

சுப்புராயன் கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பச்சை ரெக்சினைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். எழுந்திருக்க முயன்று, முடியாமல் உட்கார்ந்தார்.

புவனா கயிற்றை அவிழ்த்துச் சீட்டை அவர் முன்னால் போட்டாள். புழுதி எழும்பி அடங்கியது.

“நான் எங்கப்பா பொறந்தேன்?”

“ஆஸ்பத்திரிக்கு...”

“பொய் சொல்லாத.”

அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தவளக்குப்பம் தாண்டி. ரோட்டுமேல.”

“எதுல?”

அவர் கை மெல்ல உயர்ந்து, கொட்டகைக்குள் வண்டியின் பின்பக்கத்தைக் காட்டியது. ரெட் ஆக்ஸைடு அடித்த தரையை.

“அந்தம்மா கழட்டச் சொல்லலியாம். நீயா கழட்டினியாம். வேல போயிடும்னு பயமா? அடிப்பாங்கன்னு பயமா? எதுப்பா? ஒண்ணச் சொல்லு. நான் அதையாவது புடிச்சிக்கறேன்.”

இப்படிக் கேட்கும்போது அவள் குரல் உடைந்தது. அதற்கும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

“பயம்னா கூட பரவால்ல புவனா.” அவர் நிதானமாகப் பேசினார். இருபத்து மூன்று வருஷமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்த பேச்சு. “பயமே இல்ல. அது அய்யா சீட்டு. பன்னெண்டு வருஷம் தெனம் தொடச்சிருக்கேன், ஒரு நாளும் உக்காந்ததில்ல. அதுல எப்பிடி இவள... அப்பிடித்தான் தோணுச்சி. வேற மாதிரி எனக்குத் தோணவே இல்ல. அவ கத்திகினு இருக்கா, என் கை ஸ்பேனர வுடல. அந்தப் பாழாப்போன போல்ட்டு வந்துடும், இந்தா வந்துடும்னு...”

புவனா அவரைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். காலையில் தேடாமலே நிறையக் கிடைத்தது. முட்டாப்பய என்றாள், நாய் என்றாள். இப்போது ஒன்றும் வரவில்லை.

“ராத்திரில கண்ணாடிய நீதான் திருப்பறியா?”

“வெடிகாலைல. நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி.” துண்டால் மூக்கைத் துடைத்தார். “அன்னிக்கு ஓட்டிகினு போவசொல்ல கண்ணாடியில பாத்தேன். ரோடு தெரியுது, பின்கண்ணாடி தெரியுது, அவ தெரியல. தரையில படுத்திருந்தா எப்பிடி தெரியும்? கத்தற சத்தம் மட்டும் வருது, ஆளக் காணம். பாலத்தாண்ட போவசொல்ல சத்தமும் நின்னுடுச்சி. அப்புறம் நீ அழுவற. நான் காலி வண்டிய ஓட்டிகினு போற மாதிரியே இருந்துச்சி. அது நேரா இருந்தா இன்னமும் நான் அதுக்குள்ள பாக்க வேண்டியிருக்கு.”

காற்றில் கீற்று சரசரத்தது. புவனா கொட்டகைக்குள் போய் ஸ்பேனரையும் இரண்டு புது போல்ட்டையும் எடுத்து வந்தாள். அவர் கையில் வைத்தாள்.

“நீ கழட்டின. நீயே மாட்டு.”

அவளுக்கு அவரை மன்னிக்கத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. வேலை பாக்கியிருந்தது, அவ்வளவுதான்.

சுப்புராயன் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சீட்டை உள்ளே இறக்கினார்கள். ரெட் ஆக்ஸைடு மறைந்தது. வலது போல்ட்டை மாட்டி முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஸ்பேனர் வழுக்கி வழுக்கி விழுந்தது. புவனா உதவவில்லை.

“இன்னா, மாப்ளக்கி மெத்த போட்டாச்சா?” மஞ்சுளா வாசலில் நின்றாள். யாரையும் கேட்கவில்லை. குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, மெல்ல நகர்ந்து நகர்ந்து உள்ளே போய் நட்ட நடுவில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. “அய்ய, இதுக்கா இத்தினி பாடு? நம்ம வூட்டுத் தலையாணியே தேவல.”

புவனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சுளாவும் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது.

“புவனா.”

“இன்னாக்கா?”

“காலைலேருந்தே இடுப்புல சுருக்கு சுருக்குங்குது. சூடு வலின்னு நெனச்சேன்.” முன்சீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்தாள். விரல் வெளுத்தது. “இது சூடு வலி இல்லடி.”

அவள் புடவை நனைந்து, பச்சை ரெக்சினில் ஈரம் பரவியது.

புவனா ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தாள்; அது மெயின் ரோட்டில்தான் நிற்கும் என்று திரும்பப் போட்டாள். பதினோரு நாள் இருக்கிறதே என்று எவனிடம் போய்ச் சண்டை போடுவது? திரும்பினாள். “ப்பா, சாவி டேஷ்போர்டுலயே...”

சுப்புராயன் இடது பக்கம் மண்டியிட்டிருந்தார். இரண்டாவது போல்ட்டை ஓட்டையில் வைத்து ஸ்பேனரால் திருகிக்கொண்டிருந்தார். கண் எங்கோ போயிருந்தது.

“ரெண்டே நிமிஷம். இது ஒண்ணு மாட்டிட்டா ஆடாது. இந்தா வந்துடும்...”

“ப்பா!”

“இந்தா வந்துடும்மா...”

மஞ்சுளா கத்தினாள். இரும்பின்மேல் இரும்பு உரசிக்கொண்டே இருந்தது. இரண்டும் ஒன்றாகக் கேட்டது.

புவனா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “ஸ்பேனரக் கீழ போடு.”

அவர் அவளைப் பார்த்தார். யாரென்று தெரியாதவர் மாதிரி பார்த்தார்.

“கீழ போடுப்பா! சீட்டு ஆடட்டும், பாழாவட்டும், ஒடஞ்சி போவட்டும். நான் அக்காவப் புடிச்சிக்கறேன். நீ வண்டிய எடு.”

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஸ்பேனர் மண்ணில் விழுந்தது.

புவனா பின்னால் ஏறி அக்காவைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். ஒற்றை போல்ட்டில் சீட்டு இலேசாக ஆடியது. முன்னால் கதவு திறந்தது. சுப்புராயன் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் அவர் கால்கள் தேடாமலே பெடல்களைக் கண்டுபிடித்தன.

கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கையை உயர்த்தினார். கை பாதியில் நின்றது. பிறகு கண்ணாடியின் ஓரத்தைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, கீழே இறக்கினார். அந்தச் சின்னச் சதுரத்தில் அவர் கண்களைப் புவனா பார்த்தாள்.

“தெரியுதா?”

“ரெண்டு பேரும் தெரியறீங்க.”

சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரு தடவை இருமியது. நின்றது.